குடியை வெறுக்க உடல் சொல்லும் பாடம்: புகையிலை அதை மழுங்கடிக்கிறதா?

அட்டன், நுவரெலியா தோட்டங்களில் குடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது சாராயத்தோடும் கசிப்போடும் நின்றுவிடும். வெற்றிலையோடு சேரும் புகையிலையும், பீடியும் சிகரெட்டும் சின்னப் பழக்கங்களாகவே கருதப்படுகின்றன. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது சரியல்ல என்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

ஒரு உணவைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தவருக்கு அடுத்த முறை அதன் வாசனையே குமட்டும். இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்கும் பாடம். 1955இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கார்சியாவும் சகாக்களும் இதை எலிகளில் காட்டினர். சக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடித்தபோது கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகள், பின்னர் அந்த நீரைத் தவிர்த்தன.

மதுசாரமும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. புதிய சுவையுள்ள நீரைக் குடித்த எலிக்கு உடனே மதுசாரத்தை ஊசியால் ஏற்றினால், அது அடுத்த முறை அந்தச் சுவையை வெறுக்கும். ஆனால் முன்கூட்டியே நிக்கொட்டின் கொடுக்கப்பட்ட எலிகளில் இந்த வெறுப்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. மதுசாரம் உடலுக்குள் உண்டாக்கும் உணர்வை நிக்கொட்டின் மங்கச் செய்கிறது என்பது ஒரு விளக்கம்.

எலி மனிதனல்ல. ஊசியில் ஏற்றும் அளவும் வாயில் மெல்லும் அளவும் ஒன்றல்ல. நிக்கொட்டினே அளவு கூடினால் வெறுப்பை உண்டாக்கும். ஆயினும் "இனித் தொடவே கூடாது" என்று உடல் சொல்வதைப் புகையிலை அமுக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இங்கே இருக்கிறது. வெற்றிலையில் பூசும் சுண்ணாம்பு, புகையிலையிலுள்ள நிக்கொட்டின் வாயின் வழியே இரத்தத்தில் சேர்வதை இலகுவாக்குகிறது.

இலங்கைச் சட்டம் இரண்டையும் ஏற்கெனவே சேர்த்தே பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் இரண்டுக்கும் ஒரே தேசிய அதிகார சபையை அமைத்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இரண்டையும் விற்பது குற்றம்.

வீட்டிலும் ஆலோசனை நிலையத்திலும் "குடிக்கிறீர்களா?" என்று கேட்கும்போதே "புகையிலை போடுகிறீர்களா, புகைக்கிறீர்களா?" என்றும் கேட்க வேண்டும். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மீண்டும் மீண்டும் குடிப்பவரை "ரோசமில்லாதவர்" என்று ஏசுவதால் பயனில்லை. அவரது உடல் சொல்லும் பாடமே மழுங்கியிருக்கலாம்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். எனவே அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் ஆலோசனை பெற்றே நிறுத்த வேண்டும். புகையிலையை விடுவது பற்றியும் அங்கேயே கேளுங்கள்.