ஹாங்காங் வீதிகளில் அணைந்த விளக்குகள்

அறபு இலக்கியம் ஓதும் மாணவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'அத்லால்'. கூடாரம் பெயர்த்துச் சென்ற இடத்தில் எஞ்சிக் கிடக்கும் அடுப்புக் கற்களையும் சாம்பலையும் கண்டு, அங்கேயே நின்று அழுது, அந்த அழுகையிலிருந்தே ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞர்கள் தம் கஸீதாக்களைத் தொடங்கினர். அவர்கள் அழுவதற்கு இடிந்த அரண்மனை தேவைப்படவில்லை. கரி படிந்த மூன்று கற்கள் போதுமாயிருந்தன. ஹாங்காங் மக்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தம் நகரத்தின் நியான் பெயர்ப்பலகைகளையும் பழைய உணவகங்களையும் எண்ணி வருந்துவதைக் காணும்போது நமக்கு அம்மரபே நினைவுக்கு வருகிறது.

ஹாங்காங் நமக்கு அந்நிய ஊரன்று. இரத்தினக் கல் வணிகத்தின் பொருட்டுக் காயல்பட்டினத்திலிருந்து சென்றவர்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். அவர்கள் தொழச் செல்லும் கவ்லூன் பள்ளிவாசல் நாதன் சாலையில்தான் இருக்கிறது. அந்தச் சாலையே நியான் விளக்குகளுக்குப் பெயர்பெற்றது.

நியான் வாயுவை 1898 இல் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் இலண்டனில் கண்டறிந்தனர். ஜார்ஜ் குளோட் என்ற பிரெஞ்சுக்காரர் 1910 இல் பாரிஸில் அதனை விளக்காக்கிக் காட்டினார். ஹாங்காங்கில் அது செழித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். சீனப் பெருநிலத்திலிருந்து மக்கள் அலையலையாக வந்து குடியேற, தொழிற்சாலைகள் பெருக, ஒடுங்கிய வீதிகளில் கடைமேல் கடையாக எழும்பின. தரையில் இடமில்லாத ஊரில் கடைக்காரர் தம் பெயரைத் தெருவின் நடுவானம் வரை நீட்டித் தொங்கவிட்டார். ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை அது அவ்வாறே நடந்தது. 1973 இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மட்டும் விளம்பர விளக்குகள் எரியும் நேரத்திற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது.

அப்பலகை செய்யப்படும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். முதலில் எழுத்துக்கலைஞர் ஒருவர் தூரிகையால் கடையின் பெயரை எழுதுவார். அது முழு அளவுக்குப் பெரிதாக்கப்பட்டுத் தாளில் வரையப்படும். கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் வாட்டி, இளகும் கணத்தில் அந்த வரைபடத்தின் மேல் வைத்து வளைக்க வேண்டும். வளைக்கும்போது குழாயின் உட்புழை நசுங்கிவிடாதிருக்க, மெல்லிய இரப்பர்க் குழல் வழியாக வாயால் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சு இல்லை, வார்ப்பு இல்லை, கையும் மூச்சும்தான். பின்னர் இரு முனைகளிலும் மின்வாய் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, வாயுவை நிரப்பி மூடுவர். நியான் தருவது செம்மஞ்சள் ஒன்றே. ஆர்கானுடன் சிறிது பாதரசம் சேர்த்தால் நீலம் கிடைக்கும். மற்ற வண்ணங்கள் குழாயின் நிறத்தாலோ உட்பூச்சாலோ வருபவை. சூட்டில் விரல் வெந்து, பாதரசத்துடன் பழகிச் செய்த வேலை இது என்பதை, வண்ணங்களைப் பற்றி மட்டும் உருகுவோர் மறந்துவிடுகின்றனர்.

கவ்லூன் பகுதியின் பலகைகளில் பெரும்பாலானவை கண்சிமிட்டாமல் நிலையாக எரிந்தன. காரணம் அழகுணர்ச்சியன்று. காய் டாக் விமான நிலையம் அருகிலேயே இருந்தது. கட்டடங்களின் தலைக்குமேல் தாழப் பறந்து இறங்கும் விமானிகள் குழம்பிவிடலாகாது என்பதற்காகச் சிமிட்டும் விளக்குகள் தடை செய்யப்பட்டிருந்தன. அந்நிலையம் 1998 இல் மூடப்பட்டது.

இவ்விளக்குகள் அனைத்தும் நல்லவற்றுக்கே எரிந்தன என்று நாம் சொல்லமாட்டோம். சூதாட்டக் கூடங்களும் இரவு விடுதிகளும்கூடப் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டன. இன்றும் சுவரொட்டிகளில் விரும்பி வரையப்படும் வடிவம் ஒன்று உண்டு: நாணயத்தைக் கவ்விய வௌவால். அது அடகுக்கடையின் சின்னம். சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே என்பதால் அவ்வடிவம் அமைந்தது. வட்டியின் வாசலில் நற்பேறு தொங்கிய அந்த முரணை, ரிபாவின் பாடம் நடத்தும் நம்மைப் போன்றோர் கவனிக்காமல் கடப்பது கடினம். ஆயினும் அதை வளைத்த தொழிலாளியின் கைத்திறன் மெய்யானது. அதை இகழ நமக்கு மனம் வரவில்லை.

உணவகங்களின் கதை வேறு. 'சா சான் டெங்' எனப்படும் தேநீர் உணவகங்கள் போருக்குப் பிந்தைய ஏழைத் தொழிலாளிக்கு மேலைநாட்டு உணவை மலிவாக அளித்தன. துணிப்பையில் பலமுறை வடித்த கடுந்தேநீரில் டின் பால் கலந்த தேநீர், பெயரில் மட்டும் அன்னாசியைச் சுமக்கும் ரொட்டி, மக்ரோனி சூப்: இவை அவற்றின் அடையாளம். அப்பால் தேநீர் தயாரிக்கும் முறையை 2017 இல் அரசே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. யாவ் மா டெயில் 1950 இல் திறக்கப்பட்ட மிடோ கஃபே, 2022 இல் கதவடைத்தபோது நகரெங்கும் செய்தியாயிற்று. பின்னர் அது மீண்டும் திறந்தது.

பெரும்பாலானவற்றுக்கு அந்த மறுவாழ்வு வாய்க்கவில்லை. 'தாய் பாய் டோங்' என்னும் தெருவோரச் சமையற்கடைகளுக்குப் புதிய உரிமம் வழங்குவது ஐம்பதுகளிலேயே நிறுத்தப்பட்டது. இருந்த உரிமமும் நெடுங்காலம் வாழ்க்கைத் துணைக்கு அன்றி வேறெவருக்கும் மாற்றத்தக்கதாக இருக்கவில்லை. பிள்ளை அடுப்படியிலேயே வளர்ந்திருப்பான். தந்தையும் தாயும் மறைந்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். ஒரு தொழிலைத் தடை செய்யாமலே முடித்துவைக்கும் வழி இது.

பலகைகளுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. அனுமதியின்றித் தொங்குபவை விழுந்தால் உயிர் போகும் என்ற கட்டடத் துறையின் அச்சம் பொய்யன்று; புயல் வீசும் ஊர் அது. 2010 க்குப் பின் விதிகள் இறுகின. மறுபக்கம் எல்இடி விளக்குகள் மலிவாகவும் மின்சாரம் குறைவாகவும் வந்தன. மேற்கு குவீன்ஸ் சாலையில் சாமீஸ் கிச்சன் என்ற உணவகத்தின் முகப்பில், எழுபதுகளிலிருந்து பச்சையும் நீலமுமாக எரிந்த மாட்டுருவம் 2015 இல் இறக்கப்பட்டு, எம் பிளஸ் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று.

இங்கு நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பன்றிக் கொழுப்பும் இறைச்சியும் புழங்கும் அந்தத் தேநீர் உணவகங்களில் பெரும்பாலானவற்றில் அவ்வூர் முஸ்லிம்கள் பசியாறியிருக்க இயலாது. அவர்கள் அந்த வெளிச்சத்தின் கீழ் நடந்தனர். உண்ண வேறிடம் சென்றனர். வான் சாயின் பொவ்ரிங்டன் சாலைச் சந்தையில் ஹலால் வாத்து வறுவலும் ஆட்டுக்கறியும் விற்கும் வை கீ போன்ற சிறு கடைகளும், சுங்கிங் மாளிகையின் கறி மெஸ்களுமே அவர்களின் உணவக நினைவுகள்.

அவர்களின் பள்ளிவாசல்களும் நகர வளர்ச்சியிடமிருந்து தப்பவில்லை. இந்தியப் படைவீரர்களுக்காக 1896 இல் அமைந்த கவ்லூன் பள்ளி, எழுபதுகளின் இறுதியில் சுரங்க இரயில் பாதை தோண்டியதால் விரிசல் கண்டது. ஹேப்பி வேலி மையவாடியில் இருந்த பள்ளி, அபர்தீன் சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. ஆனால் முன்னதற்கு இழப்பீடு கிடைத்தது; சமுதாயத்தின் நன்கொடையும் சேர, 1984 இல் புதிய பள்ளி திறக்கப்பட்டது. பின்னதற்கு ஈடாக வான் சாயில் நிலமும் பணமும் கிடைக்க, 1981 இல் அம்மார் பள்ளிவாசல் எழுந்தது. ஏனெனில் அவை எவரொருவரின் தனிச்சொத்துமன்று. அறங்காவலர்கள் பொறுப்பில் சமுதாயத்தின் பெயரால் இருந்தவை. அரசு பேசுவதற்கு எதிரே ஒரு தரப்பு இருந்தது. தெருவோர அடுப்புக்கு அப்படி ஒரு தரப்பு இருக்கவில்லை.

அந்த அம்மார் பள்ளியின் ஐந்தாம் மாடியில் ஓர் உணவகம் இயங்குகிறது. மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்க வரும் சீனக் கொழுக்கட்டைகள் அங்கு ஹலாலாகக் கிடைக்கின்றன. கான்டனீஸ் பேசும் சீன முஸ்லிம் முதியவர்களும், முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். ஹாங்காங் செல்லும் நம் சகோதரர்கள், ளுஹர் தொழுகைக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர்வது நல்லது. ஜுமுஆவன்று இடம் கிடைப்பது அரிது.