தீயின் நாட்காட்டியும் அருவியின் பருவமும்: தென்காசி – குற்றாலம் பகுதியில் தீயணைப்புத் துறையின் பாதுகாப்புக் கல்வி

முன்னுரை

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் செயல்விளக்கம் நடத்துவதும் துண்டறிக்கை வழங்குவதும் அவ்வாரத்தின் வழக்கமான நிகழ்வுகள். தென்காசியிலும் அவ்வாறே. அதே வாரத்தில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தில் அருவிகள் பெரும்பாலும் வறண்டோ நூலிழையாகவோ காணப்படும், கூட்டமும் இராது. பாதுகாப்பைக் கற்பிக்கும் காலமும் ஆபத்து நேரும் காலமும் இவ்வூரில் பொருந்துவதில்லை. இப்பொருத்தமின்மையின் வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாட்காட்டியின் தோற்றம்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் தீப்பற்றியது. பருத்திப் பொதிகளும் வெடிபொருள்களும் அதில் ஒருசேர ஏற்றப்பட்டிருந்தன. அணைக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அந்நாளே நாடெங்கும் நீத்தார் நினைவு நாளாயிற்று. ஆகவே ஏப்ரல் என்னும் தேர்வு துறையின் துயரத்திலிருந்து பிறந்தது. எந்த ஊரின் பருவத்தையும் கணக்கிட்டு அமைந்ததன்று.

இரண்டாவது திருப்பம் 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. தீயணைப்புத் துறையின் சான்று பள்ளி அங்கீகாரத்திற்கு இன்றியமையாததாயிற்று. வகுப்பறையே பாதுகாப்புக் கல்வியின் முதன்மைக் களமாக நிலைபெற்றதற்கு இந்நிகழ்வு பெருங்காரணம் எனலாம். தீபாவளிக்கு முந்தைய பட்டாசு விழிப்புணர்வும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வெள்ள மீட்பு ஒத்திகையும் இந்நாட்காட்டியின் ஏனைய பகுதிகள். காலிக் குடங்களையும் பிளாஸ்டிக் கேன்களையும் கட்டி மிதவை செய்து காட்டுவது இவ்வொத்திகையில் மாணவர் மிகவும் விரும்பிப் பார்ப்பது.

அருவிக்கரையின் பருவம்

குற்றாலத்தின் சாரல் காலமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவத்திற்குரியது. சென்னையை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்ட மாநில நாட்காட்டியில் இப்பருவத்திற்கு இடம் குறைவு. அருவிக்கு வருவோரோ பெரும்பாலும் வெளியூரார். ஒரு நாள் தங்கிச் செல்வோர். தென்காசிப் பள்ளிகளில் கற்பித்த பாடம் அவர்களைச் சென்றடைய வழியில்லை.

அருவியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்குகிறது. மலைமேல் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவர் அறியார். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் குளிக்கத் தடை என்பது யாவரும் அறிந்த நடைமுறை. ‘ஆர்ச்’ என்றே மக்கள் வழங்கும் அவ்வளைவு, எழுத்தறியாதவருக்கும் விளங்கும் எச்சரிக்கைப் பலகை. அதன் பயன் எந்தத் துண்டறிக்கையினும் மிகுதி என்பது கட்டுரையாளரின் கருத்து. நீர் செந்நிறமாதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், ஓசை கனத்தல் முதலியவற்றைக் கரையில் கடை வைத்திருப்போர் எளிதில் இனங்காண்பர். இவ்வறிவு துறையின் செயல்விளக்கங்களில் இடம்பெறத் தக்கது.

தீயும் இங்கு இல்லாமலில்லை. 2023 ஆகஸ்டில், சாரல் கால நடுவில், குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகள் எரிந்தன. சில மாதங்களுக்கு மட்டும் கடை விரிப்போர் ஏப்ரல் வாரத்தில் அங்கே இருப்பதில்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

அவ்வாறாயின் தீத்தொண்டு வாரத்தை இவ்வூருக்கு மட்டும் ஜூனுக்கு மாற்றினால் போதுமா எனில், போதாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது, உடலே மீட்கப்பட்டது. அது கோடைமழையின் வெள்ளம். சாரல் காலம் அப்போது தொடங்கவே இல்லை. உள்ளூராரும் எதிர்பாராத நாள் அது. நாள் குறித்துக் கற்பிக்கும் முறை எதுவாயினும் அச்சிறுவனைச் சென்றடைந்திராது. அவன் கடந்து சென்ற வாகன நிறுத்துமிடமும் அருவிக்கு இறங்கும் படிகளுமே அப்பாடத்தைச் சொல்லியிருக்கக்கூடிய இடங்கள்.