புயல் என்றால் மேகம்

ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "புயல் ஏதாவது உருவாகியிருக்கா?" "இல்லைங்க, வெறும் தாழ்வுதான்" என்றால் கேட்டவர் முகம் தெளிந்துவிடும்.

தெளிய வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒரே நாளில் 20 செ.மீ. தாண்டினாலே வானிலை ஆய்வு மையம் அதை 'அதி கனமழை' என்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய அந்த நாளில் வங்கக் கடலில் புயல் கிடையாது. இலங்கையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது, அவ்வளவுதான்.

புயல் கிடையாது என்பது இன்றைய பொருளில். பழைய தமிழில் பேசினால், அன்று தாம்பரத்தின் தலைமேல் நின்றது புயலேதான். ஏனென்றால் புயல் என்றால் மேகம். அது தரும் மழையும் புயல்தான். வான்சிறப்பு அதிகாரத்தின் 14ஆம் குறளில் இந்தச் சொல் வருகிறது. அங்கே உழவர் ஏர் பூட்டாமல் இருப்பது புயல் வந்ததால் அல்ல, புயல் குறைந்துபோனதால். திருமாலைக் கொண்டல்வண்ணன், கார்முகில்வண்ணன் என்பதுபோலப் புயல்வண்ணன் என்றும் சொன்னார்கள். நீர் நிறைந்த கருமுகிலின் நிறம். பெண்ணின் கூந்தலைப் புயலுக்கு ஒப்பிட்ட புலவர்களும் அவள் தலை கலைந்திருந்ததைச் சொல்லவில்லை.

மேகத்தின் பெயர் காற்றின் பெயராக மாறியதில் வியப்பு அதிகமில்லை. சோழமண்டலக் கரையில் பெருங்காற்று தனியாக வருவதில்லை, கருமேகத்தைக் கூட்டிக்கொண்டுதான் வரும். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. சுழன்றடிக்கும் காற்றுக்கென்றே தமிழில் கச்சிதமான ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது: சூறாவளி. வளி என்றால் காற்று. இலங்கைத் தமிழர் அதை விடவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததை அவர்கள் சூறாவளி என்றே சொல்கிறார்கள். இக்கரையில் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். நம் வானிலை அறிக்கையில் சூறாவளிக்காற்று என்பது மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் வீசும் பலத்த காற்றுக்குச் சுருங்கிவிட்டது. காற்றின் பெயர் பதவி இறங்கியது, மேகத்தின் பெயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. 'இசைப்புயல்', 'வைகைப்புயல்' எல்லாம் அதற்குப் பின் வந்த பட்டங்கள். பழைய பொருளில் படித்தால் ரகுமான் ஓர் இசை மழைமேகம். அவருக்கு அதுவும் பொருந்தும்.

ஆங்கிலத்தின் 'சைக்ளோன்' என்ற சொல்லையும் உருவாக்கியவர் வங்கக் கடற்கரைப் பக்கம் இருந்தவர்தான். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரித்த ஹென்றி பிடிங்டன், 1848இல் வெளியிட்ட நூலில் அந்தச் சொல்லை நிலைநாட்டினார். சுற்றுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். இன்று அதற்கு ஈடாக நாம் சொல்லும் புயலுக்குக் காற்றின் வேகம்தான் அளவுகோல்: மணிக்கு 62 கி.மீ. எட்டினால் புயல், எட்டாவிட்டால் தாழ்வு மண்டலம். மழை எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா, காற்றுக் கணக்கில் அசல் புயல். வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முந்தைய ஆண்டு வெள்ளம் பார்த்த அதே வட்டாரம் இந்த முறை மரம் அறுத்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு டிசம்பர்களில் இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் தாம்பரம் பார்த்துவிட்டது.

வாரம் முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பார்த்தால், 'வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்' என்று ஏழு நாளும் ஒரே வரி. எந்த மேகம்? பள்ளிப் புத்தகம் கீற்று, திரள், படை, கார்திரள் என்று நன்றாகவே பிரித்துத் தருகிறது. 1802இல் லூக் ஹோவர்ட் லண்டனில் முன்வைத்த வகைப்பாட்டின் வழி வந்த பெயர்கள் அவை. ஊர்ப்பேச்சிலும் பிரிவு உண்டு. 'மப்பும் மந்தாரமுமா இருக்கு' என்றால் படை மேகம், இடியில்லாமல் நாளெல்லாம் தூறும். ஆடி, ஆவணி மாலைகளில் முடிச்சூர் திசையில், மேற்கே, காலிஃப்ளவர் போலக் குவிந்து உச்சி தட்டையாகப் பரவினால் கார்திரள். இடியும் காற்றுமாக ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது அப்படியல்ல. பள்ளிக்கரணைக்கு அப்பால் கடலிலிருந்து தாழ்வாக, வேகமாக வரும். கொட்டும், வெயில் அடிக்கும், துணியை மாடியில் போட்டதும் மறுபடி கொட்டும். இதற்குக் கொண்டல் என்ற பெயர் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் காற்றும் கொண்டல், அது கொண்டுவரும் நீர் கொண்ட மேகமும் கொண்டல். 2015இல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தின் மேல் வந்துகொண்டே இருந்தவை இவைதான். நம் அறிக்கைகளில் இந்தச் சொல்லைக் காணோம்; 'கிழக்கு திசைக் காற்று' என்கிறார்கள். மீனவர்கள் இன்னும் கொண்டல் என்கிறார்கள்.

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்க 13 நாடுகள் சேர்ந்து 2020இல் ஒரு பட்டியல் வெளியிட்டன. மொத்தம் 169 பெயர்கள். இந்தியா தந்த 13இல் 'முரசு' தமிழ். அதே வரிசையில் 'அம்புத்' என்றொரு பெயரும் இருக்கிறது. நிகண்டுகள் அம்புதம் என்று சொல்லும் சொல்தான், நீரைத் தருவது, அதாவது மேகம். அதன் முறை வரும் நாளில் செய்தி வாசிப்பவர் 'அம்புத் புயல்' என்பார். பழைய தமிழ்ப் புலவர் காதில் அது 'மேக மேகம்' என்று விழும்.