வானம் பார்த்த பூமியில் ஒரு தொலைநோக்கி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழிநெடுக மானாவாரி நிலங்கள். மழையை நம்பி விதைக்கும் இத்தகைய நிலத்தை வானம் பார்த்த பூமி என்பர் நம்மவர். மேகத்தைத் தேடியே அண்ணாந்து பழகிய நமக்கு, மேகமற்ற இரவில் அங்கே என்ன இருக்கிறது என்று காணும் எண்ணம் எளிதில் எழுவதில்லை. எமக்கும் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே எழுந்தது. அதற்குக் காரணமாயிருந்தது ஓர் அரபுச் சொல்.

ஹளார், வஸ்ன் என்னும் இரு விண்மீன்களை அரபியர் 'முஹ்லிபான்' என்று அழைத்ததாக அகராதிகள் கூறும். அடிவானில் அவற்றுள் ஒன்றைக் கண்டதும், 'இதுவே சுஹைல்' என்று ஒருவர் சத்தியம் செய்வாராம். 'அன்று' என்று மற்றவர் சத்தியம் செய்வாராம். சத்தியம் செய்ய வைக்கும் இரண்டு என்பது அப்பெயரின் பொருள். இவ்விளக்கத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லி வந்தோம். ஒரு நாள் ஒரு மாணவர், "உஸ்தாத், அந்த மீன்கள் நம் ஊரில் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். எமக்கு விடை தெரியவில்லை. சொல்லின் வேரும் வடிவமும் அறிந்திருந்த நாம், பொருளை ஒரு முறையேனும் கண்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

விடை தேடிப் புறப்பட்டபோது புதுச்சேரியில் போய் நின்றோம். பிற்கால அறிஞர் பலர், முஹ்லிபான் என்பவை தென்வானில் கன்தூரஸ் என்னும் கூட்டத்திலுள்ள இரு பேரொளி மீன்களே என்பர். அவற்றுள் பெரியதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'ரிஜில் கென்டாரஸ்' என்ற பெயரில் இருப்பது, பாதம் என்னும் பொருளுடைய நமது 'ரிஜ்ல்' தான். அரபுப் பெயர் தாங்கிய அந்த மீன் ஒன்றன்று, இரண்டு என்னும் உண்மை 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வெளிப்பட்டது.

கண்டவர் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். பதினான்காம் லூயி மன்னன் சயாமுக்கு அனுப்பிய குழுவினருள் ஒருவர். 1688-ல் அங்கே ஆட்சி கவிழவே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவர் தேடியது வால்மீனை. விடியலுக்கு முன் அதைப் பின்தொடர்கையில், அருகில் நின்ற கன்தூரஸின் பாதம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அவரிடம் இருந்தது ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள தொலைநோக்கி. அக்காலத்து ஒற்றை வில்லை, ஒளியைப் பல நிறங்களாகச் சிதறடிக்கும். வில்லையின் வளைவைக் குறைத்துக் குழாயை நீட்டினால் அக்குறை சற்று அடங்கும். ஆகவே நெடுங்குழாயுடன் மல்லாடினர். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறச் சிதறலைத் தணிக்கும் வில்லைக்கு 1758-ல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்ற பிறகே குழாய் குறுகியது.

ஈண்டு ஒன்று சொல்ல வேண்டும். தொலைநோக்கியையும் இப்னுல் ஹைதம் அவர்களே செய்தார்கள் என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அப்பெருமகனார் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்', பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என்று நிறுவிய நூல். லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572-ல் பேசல் நகரில் அச்சேறியது. தொலைநோக்கி 1608-ல்தான் ஹாலந்தில் வெளிப்பட்டது. மறு ஆண்டு கலீலியோ அதை வானுக்குத் திருப்பினார். உள்ள புகழே போதுமானதாயிருக்க, இல்லாததைச் சேர்ப்பானேன்?

ரிஷோ கண்டதை நாமும் காண்போம் என்று ஒரு சிறு தொலைநோக்கி வாங்கினோம். வாய் 80 மில்லிமீட்டர். குவியத் தூரம் 900 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கண்வில்லை இட்டால் 36 மடங்கு, 10 மில்லிமீட்டர் இட்டால் 90 மடங்கு பெருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் கணக்கு, அவ்வளவே.

முதல் இரவு வெட்கக்கேடாய் முடிந்தது. இஷாவுக்குப் பின் மொட்டை மாடியில் நிறுத்தினோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அனலை உமிழ, மீன்கள் தண்ணீருக்குள் கிடப்பவை போல் நெளிந்தன. ஒருவர் நடந்தால் குழாயே ஆடிற்று. எடுத்தவுடன் 90 மடங்கு இட்டதால் எந்த மீனும் அகப்படவில்லை. இரண்டு மணி நேரம் கழிந்ததும் வீட்டார் ஒவ்வொருவராய் உறங்கப் போய்விட்டனர். அப்போது லெ ழாந்தீயை நினைத்துத் தேறினோம். சூரியனை வெள்ளி கடப்பதைக் காண 1760-ல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் அவர். 1761-ல் நடுக்கடலில் அகப்பட்டுக்கொண்டார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் உரிய வேளையில் மேகம் மூடிக்கொண்டது.

மறுமுறை ஒழுங்காகச் செய்தோம். பகலிலேயே தொலைவிலுள்ள மினாராவின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவே நிறுத்தி, அதன் மேலுள்ள குறிக்குழாயிலும் அதே உச்சி நடுவே வரும்படி திருகுகளைத் திருப்பினோம். மினாரா தலைகீழாகத் தெரிந்ததில் பிள்ளைகளுக்குப் பெருஞ்சிரிப்பு. இக்கருவியின் இயல்பு அது. சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவிடவில்லை. ஒரு நொடியில் கண் போய்விடும். மாலையில் ஊருக்கு வெளியே கரிசல் தரையில், வெடிப்புகளின் மேல் செங்கல் இட்டு முக்காலியை ஊன்றினோம். குழாய் வெளிக்காற்றில் ஆறியது. விளக்கணைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் இருட்டில் அமர்ந்து கண்ணைப் பழக்கினோம்.

வைகாசி இரவு, பத்தரை மணி. தெற்கே அடிவானுக்கு மேல் 20 பாகை உயரத்தில் முஹ்லிபான் நின்றன. டெல்லியிலிருந்து நோக்குவோர்க்கு இவை அடிவானை ஒட்டியே நிற்கும். லண்டனில் உதிப்பதே இல்லை. தாழ்ந்த அட்சரேகையில் பிறந்த நமக்கு வாய்த்த பேறு இது. 36 மடங்கில் பிடித்து நடுவே நிறுத்தி, பிறகு 90-க்கு மாற்றினோம். மஞ்சள் ஒளியில் பெரியது ஒன்று, அதனருகே சிறியது ஒன்று. ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளில் சுற்றுவன. ரிஷோ கண்ட நாள் முதல் இன்றுவரை நான்கு சுற்றுக்கு மேல் முடித்துவிட்டன. நாம் கண்ட ஒளி அவற்றைவிட்டுப் புறப்பட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

கேள்வி கேட்ட மாணவரை அழைத்தோம். பார்த்துவிட்டு, "ஒன்றுதான் உஸ்தாத்" என்றார். 'இரண்டு' என்று நாம் அடித்துச் சொன்னோம். பிறகுதான் புரிந்தது, எமது கண்ணுக்கு வைத்த குவியம் அவர் கண்ணுக்குப் பொருந்தவில்லை. திருகைத் தாமே மெல்லத் திருப்பச் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு அவர் எழுந்து, அடுத்தவருக்கு இடம் விட்டார். தென்மேற்கில் பனைகளுக்குப் பின்னால் அம்மீன் மறையும்போது மணி ஒன்று. அதுவரை வரிசை கலையவில்லை. சுஹைலை எப்போது காணலாம் என்று கேட்டுக்கொண்டே வீடு திரும்பினர். மாசி மாதம், இரவு ஒன்பது மணி என்றோம்.