பேரேடும் பெயரும்

சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் நிற்கும் ஊர் சங்கரன்கோவில். இவ்வூர் மாணவரின் கல்விப் பதிவுகள் ஓரிடத்தில் சேர்வதற்கோ நெடுங்காலம் பிடித்தது.

நெல்லைச் சீமைக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1966இல் மதுரையிலும், 1990இல் நெல்லையிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பல்கலைக்கழகம் அருகே வந்ததே தவிர, பதிவுகள் சிதறியே கிடந்தன. சேர்க்கைப் பேரேடு கல்லூரியில், மதிப்பெண் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகைக் கோப்பு அரசு அலுவலகத்தில்.

இவற்றை இணைக்கத் தமிழக அரசு கொணர்ந்ததே 'யூமிஸ்' எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் முறைமை. 2022 செப்டம்பர் 5இல் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வருவோர்க்கு மாதம் 1000 ரூபாய். அவர்கள் அங்கே பயின்றதைப் பள்ளிக்கல்வித் துறையின் 'எமிஸ்' பதிவு காட்டுகிறது. பழைய சான்றிதழ் அலைச்சல் பெரிதும் குறைந்தது; இதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் நம் பெயர்மரபு கணினிக்குப் புதிது. தந்தையின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் பெயருக்கு முன்னும், மற்றொன்றில் பின்னும் நிற்கும்; ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொரு விதம். விசைத்தறிக் குடும்பத்து மாணவி ஒருத்தி, ஆதாரில் ஒருத்தியாகவும் பள்ளிப் பதிவில் வேறொருத்தியாகவும் தோன்றிவிடுகிறாள். அன்று பேரேட்டுப் பிழை அப்பேரேட்டோடு நின்றது. முகமறிந்த எழுத்தர் சிவப்பு மையால் திருத்தினார். இன்று பிழையும் பதிவோடு சேர்ந்து பயணிக்கிறது.

பதிவு ஓரிடத்தில் இருக்கட்டும். ஆனால், அதைத் திருத்தும் உரிமையில் ஒரு பங்கேனும் அவளை நேரில் அறிந்த கல்லூரியிடம் இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.