சீட்டுகளில் சேர்ந்த சாட்சியம்

1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில், மாவும் எண்ணெயும் கலந்து இறைவனுக்குப் படைக்கும் தானியப் படையலுக்கு 'மீட் ஆஃபரிங்' என்று பெயர். அதில் இறைச்சி ஒரு துளியும் கிடையாது. அந்தக் கால ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் உணவு, எந்த உணவானாலும் சரி. இதுபோலப் பழைய ஆங்கிலத்தில் 'டியர்' மானை மட்டும் குறிக்கவில்லை, விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது. 'கேர்ள்' என்பது ஒரு காலத்தில் ஆண் குழந்தையையும் சுட்டியது. 'ஸ்டார்வ்' என்றால் சாவது; பசி அதில் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட அலைந்து திரிந்த சொல் 'நைஸ்'. அறியாதவன் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் முட்டாளைக் குறித்தது. பிறகு ஒழுக்கம் கெட்டவர், கூச்சக்காரர், எதிலும் குறை காண்பவர், நுணுக்கமானது என்று பொருள் மாறிக்கொண்டே போய், பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் இன்றைய இனிமைக்கு வந்தது.

இத்தனை துல்லியமாக இதைச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஊதியமில்லாமல் படித்த ஆயிரக்கணக்கான வாசகர்கள்.

1857 நவம்பரில் லண்டன் மொழியியல் சங்கத்தில் ரிச்சர்ட் செனிவிக்ஸ் டிரென்ச் என்ற பாதிரியார், அன்றைய ஆங்கில அகராதிகளின் குறைகளை அடுக்கினார். சாமுவேல் ஜான்சன் 1755லேயே மேற்கோள்களுடன் அகராதி தந்திருந்தார். ஆனால் நல்ல எழுத்து என்று தாம் கருதிய நூல்களிலிருந்தே அவர் பெரும்பாலும் எடுத்தார். டிரென்ச் கேட்டது வேறு. அகராதிக்காரர் நீதிபதி அல்ல, வரலாற்றாசிரியர். நல்ல சொல்லோ கெட்ட சொல்லோ, பிறந்தது எப்போது, வழக்கொழிந்தது எப்போது என்று காட்ட வேண்டும் என்றார். அதற்கு நூல்கள் அத்தனையையும் படித்தாக வேண்டும். ஒரு மனிதனால் ஆகிற வேலையா அது?

அதனால் வேலை வாசகர்களிடம் பகிரப்பட்டது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி என்று பெயர்பெற்ற இந்த முயற்சியின் முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், அவர்கள் மேற்கோள் எழுதி அனுப்பும் சீட்டுகளைப் போட 54 அறைகள் கொண்ட அலமாரி செய்துவைத்தார். 1861இல் முப்பது வயதில் இறந்துபோனார். 1879இல் பொறுப்பு பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் மரேயிடம் வந்தபோது, சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. 'பா' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டன; அதற்குள் பல அடுப்பு மூட்டப் போயிருந்தன.

மரே வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் அமைத்தார். அதே ஆண்டு உலகெங்கும் உள்ள ஆங்கில வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். சீட்டின் மூலையில் சொல், அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், பிறகு முழு வாக்கியம்: இவ்வளவுதான் கேட்டார். அதில் ஒரு சிக்கல் முளைத்தது. வாசகர்கள் அபூர்வச் சொற்களையே துரத்தினார்கள். யாரும் வழங்காத 'அப்யூஷன்' என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் வந்தன. அன்றாடம் புழங்கும் 'அப்யூஸ்' என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. சாதாரணச் சொல்லுக்கும் வரலாறு உண்டு என்று மரே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கொலைசெய்து பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் மைனரின் கதை உலகறிந்தது. தம்மிடமிருந்த பழைய நூல்களுக்கெல்லாம் சொல்லடைவு தயாரித்து, மரே எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அதற்கு மேற்கோள் அனுப்பியவர் அவர். அவருக்கு இணையாகப் பேசப்பட வேண்டியவர் ஃபிட்ஸெட்வர்ட் ஹால். காசியில் சமஸ்கிருதம் கற்பித்த இந்த அமெரிக்கர், பின்னாளில் இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்தபடி, 1901இல் இறக்கும்வரை ஆண்டுக்கணக்கில் அச்சுப்படிகளைத் திருத்தினார். கூலி வாங்கவில்லை.

நம் ஊர்ப் பங்கும் இதில் உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஏ. சி. பர்னெல், ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. கட்டுமரம், சுருட்டு, கறி போன்றவை ஆங்கிலத்துக்குள் போன தடத்தைத் தேதியிட்ட மேற்கோள்களுடன் காட்டிய நூல் அது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி அதை அடிக்கடி துணைக்கழைக்கிறது.

பத்தாண்டில் முடியும் என்று நினைத்த வேலையில், 'ஏ' முதல் 'ஆன்ட்' வரையிலான முதல் பகுதி வெளிவரவே 1884 ஆயிற்று. மரே 1915இல் 'டி' (T) எழுத்தில் இருந்தபோது காலமானார். அகராதி முடிந்தது 1928இல். அதில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள், பதினெட்டு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' மட்டும் சீட்டு தொலைந்ததால் விடுபட்டு, 1933 இணைப்பில்தான் இடம் பெற்றது. 2000 முதல் இணையத்தில் திருத்தப்பட்டுவரும் மூன்றாம் பதிப்பில், வாசகர் எவரேனும் இன்னும் பழைய வாக்கியம் ஒன்றைக் கண்டெடுத்து அனுப்பினால், அந்தச் சொல்லின் பிறந்த ஆண்டு பின்னுக்குப் போகிறது.