இலகு எடைக் கூடாரம்

இலகு எடைக் கூடாரம் என்பது நெடுந்தொலைவு நடைப்பயணம் செய்வோரும் மலையேறுவோரும் முதுகுப்பையில் சுமந்து சென்று, ஒவ்வோர் இரவும் வெவ்வேறு இடத்தில் அமைத்துத் தங்குவதற்கெனச் செய்யப்படும் சிறு கூடாரம் ஆகும். இருவர் தங்கக்கூடிய வழமையான மலைக்கூடாரம் ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோகிராம் வரை எடை கொண்டது. அதே அளவுள்ள இலகு எடைக் கூடாரங்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோகிராம் எடைக்குள் அமைகின்றன.

மழையும் காற்றும் மிகுந்த நிலப்பகுதிகளில் எடைக்குறைவு, விலைக்குறைவு, உறுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறுவது கடினம். எனினும் குறைந்த விலைக் கூடாரங்களிலும் இத்தகைய வானிலையைத் தாங்கக்கூடியவை உள்ளன. விற்பனைக் குறிப்புகளில் முதன்மையாகக் காட்டப்படும் நீர்த்தடுப்பு எண்ணைவிட, கூடாரத்தின் வடிவம், முளைகள், தையல், அமைக்கும் முறை ஆகியவையே இதனைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

தேவையும் இடரும்

கடுங்குளிர் நிலவும் இடங்களில் மட்டுமே உடல் வெப்பக்குறைவு ஏற்படும் என்று கருதுவது தவறாகும். நீரின் வெப்பக்கடத்துதிறன் காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு ஆகும். ஆகவே உடையும் உறங்குபையும் நனைந்துவிட்டால், உறைநிலைக்கு மேலுள்ள வெப்பநிலையிலும் உடல் விரைவாக வெப்பத்தை இழக்கும். காற்று இவ்விழப்பை மேலும் கூட்டும்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்கள் இத்தகைய வானிலைக்குப் பெயர் பெற்றவை. ஐக்கிய இராச்சியத்தின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் உச்சி ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் பெறுகின்றது. கேர்ன்கோர்ம் மலையுச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றுவீச்சு பதிவானது. 1971 நவம்பரில் இதே மலைத்தொடரின் மேட்டுநிலத்தில், சென்றடைய வேண்டிய குடிலை அடைய முடியாமல் பனிப்புயலில் திறந்தவெளியில் இரண்டு இரவுகள் சிக்கிய ஒரு குழுவில், ஐந்து மாணவர்களும் 18 வயதுப் பயிற்சி வழிகாட்டி ஒருவரும் குளிரால் உயிரிழந்தனர். இத்தகைய இடங்களில் கூடாரம் உயிர்காக்கும் கருவியாகும்.

வரலாறு

தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயத் தையற்காரர் இலகு எடைக் கூடார வாழ்வின் முன்னோடியாகக் கருதப்படுகின்றார். மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பட்டுக்கூடாரங்களை இவர் வடிவமைத்தார். மழை மிகுந்த மேற்கு அயர்லாந்தில் மேற்கொண்ட பயணம் பற்றி 1898இல் ஒரு நூலும், கூடார வாழ்வு குறித்து 1908இல் ஒரு கையேடும் எழுதினார். 1901இல் இவர் தொடங்கிய மிதிவண்டிப் பயணிகள் அமைப்பு பிற்காலத்தில் பிரித்தானியாவின் பெரிய முகாம் சங்கமாக வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பருத்தியின் இடத்தை நைலான் படிப்படியாகப் பிடித்தது. 1975இல் நார்த் ஃபேஸ் நிறுவனம், பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளவடிவக் கட்டமைப்புக் கருத்தைத் தழுவிய குவிமாடக் கூடாரத்தை வெளியிட்டது. ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகம்பங்கள் காற்றின் விசையைப் பகிர்ந்துகொள்வது இதன் சிறப்பாகும்.

எடைக்குறைப்பைப் பொறுத்தவரை ஐக்கிய அமெரிக்காவின் நெடும்பாதைகள் முக்கிய பங்கு வகித்தன. 1955இல் 67 வயதில் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்த எம்மா கேட்வுட், மழைக்கு மறைப்பாகக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றையே எடுத்துச் சென்றார். 1990களில் ரே ஜார்டின் எழுதிய கையேடு, கூடாரத்துக்குப் பதிலாக எளிய விரிப்புத்துணியைப் பரிந்துரைத்தது. நடைக்கோல்களையே கம்பங்களாகப் பயன்படுத்தும் இன்றைய கூடாரங்கள் இவ்வழியில் வந்தவை.

அமைப்பு

இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் நீர்புகாத வெளிவிரிப்பும், காற்று புகக்கூடிய துணி அல்லது வலையாலான உட்கூடாரமும் தனித்தனியே உள்ளன. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் நீர்புகாத துணி ஒரே அடுக்காக அமைகின்றது. ஒற்றைச் சுவர் எடையிலும் விலையிலும் குறைந்தது. ஆனால் அதன் உட்புறத்தில் படியும் ஈரம், தங்குபவர் மீதும் உறங்குபையின் மீதும் நேரடியாகப் படக்கூடும்.

வடிவங்கள்

* முக்கோண வடிவம்: இரு முனைகளிலும் கம்பம் நாட்டப்படும் பழைய வடிவம். எளியது, உறுதியானது, உள்ளிடம் குறைவு.
* கூம்பு வடிவம்: நடுவில் ஒரு கம்பம் மட்டுமே தேவைப்படும். எல்லாப் பக்கங்களும் சரிந்திருப்பதால் எத்திசைக் காற்றையும் நன்கு எதிர்கொள்ளும். ஒரே நடைக்கோலால் நிறுத்தலாம்.
* சுரங்க வடிவம்: இணையான வளைகம்பங்களைக் கொண்டது. எடைக்கு ஏற்ற உள்ளிடம் மிகுதி. ஒடுங்கிய முனை காற்றை நோக்கியிருந்தால் உறுதியாக நிற்கும். பக்கவாட்டுக் காற்றில் கம்பங்கள் வளையும்.
* குவிமாட வடிவம்: முளையின்றியும் நிற்கும். இரு கம்பங்கள் மட்டும் கொண்டவை பலத்த காற்றில் நெளியும். மூன்று அல்லது நான்கு கம்பங்கள் பல இடங்களில் குறுக்கிடும் வகைகள் உறுதியானவை. ஆனால் எடையும் விலையும் கூடியவை.

காற்றின் விசை

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மணிக்கு 36 கிலோமீட்டர் (நொடிக்கு 10 மீட்டர்) வேகமுள்ள காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 நியூட்டன் விசையைத் தரும். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டராக உயர்ந்தால் இவ்விசை 240 நியூட்டன் ஆகும். அப்போது 2 சதுர மீட்டர் பரப்புள்ள செங்குத்தான பக்கச்சுவர் தாங்க வேண்டிய விசை, ஏறத்தாழ 49 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடைக்குச் சமம். உயரம் குறைந்த, சரிவான சுவர்களைக் கொண்ட கூடாரங்கள் காற்றுக்கு ஏற்றவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்விசை இறுதியில் முளைகள் வழியாகவே நிலத்தைச் சேர்கின்றது. ஆகையால் இழுகயிறுகளைக் கட்டுவதற்குப் போதிய புள்ளிகள் உள்ளனவா என்பதும், அவை கம்பங்கள் தாங்கும் இடங்களில் அமைந்துள்ளனவா என்பதும் கவனிக்கத்தக்கவை.

நீர்த்தடுப்பு

துணியின் நீர்த்தடுப்புத் திறன் நீர்க்கம்ப உயரமாக மில்லிமீட்டரில் அளக்கப்படுகின்றது. 3,000 மில்லிமீட்டர் என்று குறிக்கப்பட்ட துணி, 3 மீட்டர் உயர நீர்க்கம்பத்தின் அழுத்தம் வரை கசியாது என்பது பொருள். வெளிவிரிப்புக்கு 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் வரையான அளவு பொதுவாகப் போதுமானது.

தரைத்துணிக்கு இதைவிடக் கூடுதலான அளவு தேவை. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மண்டியிடும்போது, அவரது இரு முழங்கால்களும் சேர்ந்து 100 சதுர செண்டிமீட்டர் பரப்பில் அழுந்துவதாகக் கொண்டால், அங்கு உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 6,000 மில்லிமீட்டர் நீர்க்கம்பத்துக்கு இணையாகும். ஈரநிலத்தில் மெல்லிய தரைத்துணி கசிவது இதனாலேயே ஆகும்.

துணி நன்றாக இருப்பினும் தையல் துளைகள் வழியாக நீர் புகலாம். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிகளில் தையல்மீது நாடா ஒட்டப்படுகின்றது. இருபுறமும் சிலிக்கோன் பூசப்பட்ட துணியில் இந்நாடா ஒட்டாது. ஆகவே சிலிக்கோன் பசையைத் தையல்மீது தடவ வேண்டும். விலை குறைந்த கூடாரங்கள் சிலவற்றில் இவ்வேலை வாங்குபவரிடமே விடப்படுகின்றது. ஒரு சிறு குழாய்ப் பசையும் ஒரு பகற்பொழுதும் இதற்குப் போதும்.

உட்புற ஈரம் எல்லாமே கசிவு அன்று. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் சில நூறு மில்லிலிட்டர் நீரை வெளியிடுகின்றார். இந்நீராவி குளிர்ந்த வெளிவிரிப்பில் நீர்த்துளிகளாகப் படிகின்றது. மேலும் கீழும் காற்றுவழிகள் இருப்பின் இது குறையும், முற்றாக நீங்காது.

துணி வகைகள்

நூலின் பருமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. 9,000 மீட்டர் நூலின் கிராம் எடையே அதன் டெனியர் ஆகும். இலகு எடைக் கூடாரங்களில் 10 முதல் 40 டெனியர் வரையான நூல்கள் வழக்கில் உள்ளன.

* நைலான்: கிழிவைத் தாங்கும் திறன் மிக்கது. ஈரத்தை உறிஞ்சி நீள்வதால் மழையில் தொய்யும். இரவில் கயிறுகளை மீண்டும் இறுக்க நேரிடும்.
* பாலியெஸ்டர்: நைலானைவிட மிகக் குறைந்த ஈரத்தையே உறிஞ்சும், ஆகவே தொய்வு குறைவு. சூரியனின் புறஊதாக் கதிர்களையும் கூடுதலாகத் தாங்கும். ஒரே பருமனில் வலிமை சற்றுக் குறைவு.
* டைனீமா கூட்டுத்துணி: மிக இலகுவானது, தொய்யாதது. விலை பல மடங்கு கூடுதலாதலால் குறைந்த விலைக் கூடாரங்களில் காணப்படுவதில்லை.

கம்பங்களும் முளைகளும்

விலை குறைந்த கூடாரங்களில் உள்ள கண்ணாடியிழைக் கம்பங்கள் எடை கூடியவை. குளிரிலும் அழுத்தத்திலும் பிளக்கக்கூடியவை. அலுமினியக் கலவைக் கம்பங்கள் இவற்றினும் சிறந்தவை. நடைக்கோல் பயன்படுத்துவோருக்கு அதையே கம்பமாகக் கொள்ளும் கூடாரம் எடையையும் விலையையும் ஒருங்கே குறைக்கும்.

கூடாரத்துடன் வழங்கப்படும் மெல்லிய கம்பி முளைகள் ஈரமண்ணில் எளிதில் பிடுங்கிக்கொள்ளும். மூன்று சிறகுகள் கொண்ட அலுமினிய முளைகள் பெரும்பாலான நிலங்களில் நன்கு பிடிக்கும். மிக மென்மையான சதுப்பு நிலத்தில் நீளமும் அகலமும் கூடிய முளைகள் தேவை.

தேர்வு

குறைந்த செலவில் கூடாரம் தேர்ந்தெடுப்போர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்வது வழக்கம்.

1. எடை: சில உற்பத்தியாளர்கள் குறிக்கும் மிகக்குறைந்த எடையில் முளைகள், கயிறுகள், உறைகள் ஆகியன சேர்வதில்லை. முழு எடையையே ஒப்பிட வேண்டும். நடைக்கோல் இல்லாதவர் தனிக்கம்பத்தின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
2. கொள்ளளவு: இருவருக்கானது எனப்படும் கூடாரத்தின் அகலம் பெரும்பாலும் 120 முதல் 135 செண்டிமீட்டர் வரையே இருக்கும். நீளம் போதாவிடில் உறங்குபையின் முனைகள் ஈரச்சுவரில் உரசும்.
3. அமைக்கும் வரிசை: வெளிவிரிப்பை முதலில் அல்லது இரண்டையும் ஒன்றாக அமைக்கக்கூடியவை மழைக்கு ஏற்றவை. உட்கூடாரத்தை முதலில் அமைக்கும் வகையில், மூடுவதற்குள் உட்புறம் நனைந்துவிடும்.
4. வெளிவிரிப்பின் விளிம்பு: நிலத்தை ஒட்டி இறங்குவதாயின் சாரலையும் காற்றையும் தடுக்கும்.
5. முகப்பு: நனைந்த உடையையும் காலணியையும் உறங்குமிடத்துக்கு வெளியே வைக்க உதவும்.

விலை குறைந்த கூடாரத்தை வாங்கி, முளைகளை மாற்றி, இழுகயிறுகளைச் சேர்த்து, தையலை அடைத்துப் பயன்படுத்துவது பரவலான நடைமுறை. பழைய கூடாரம் வாங்குவோர் பாலியூரித்தேன் பூச்சைச் சோதித்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்டால் இப்பூச்சு நாளடைவில் சிதைந்து ஒட்டும் தன்மையும் துர்நாற்றமும் அடையும். இதனை மீட்பது அரிது.

அமைத்தலும் பேணலும்

மலைமுகடும் கணவாயும் காற்று மிகும் இடங்கள். பள்ளத்தில் நீர் தேங்கும். ஓடைக்கரையில் வெள்ளம் வரலாம். பாறை அல்லது கற்சுவரின் மறைவில், சற்றே மேடான நிலம் ஏற்றது. முளைகளின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்குமாறு அடித்து, காற்று வரும் பக்கத்தை முதலில் நிலைநிறுத்த வேண்டும். பயணத்துக்கு முன் திறந்தவெளியில் ஒருமுறையேனும் அமைத்துப் பழகுவது, இருளிலும் மழையிலும் ஏற்படும் தாமதத்தைத் தவிர்க்கும். திரும்பியபின் நிழலில் முழுமையாக உலர்த்தி, தளர்வாக மடித்து வைத்தல் வேண்டும்.

மூடிய கூடாரத்தினுள் அடுப்பு எரிப்பது ஆபத்தானது. துணி எளிதில் தீப்பற்றும். மேலும், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வளிமம் சேர்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். புயல் இரவுகளில் காற்றுவழிகளை அடைக்கும் விருப்பம் எழுமாதலால், அப்போது இவ்விடர் மேலும் மிகுதியாகும்.

இவற்றையும் பார்க்க

* மலையேற்றம்
* உடல் வெப்பக்குறைவு
* நைலான்
* போஃபோர்ட் அளவுகோல்